வாசகர் கேள்வி – பதில்: பல்லி மனிதர்களும் நாகர்களும்

கேள்வி: உலகத் தலைவர்கள் பலர் மனிதத் தோல் போர்த்திய பல்லி மனிதர்கள் என்றும், நம் புராணங்களில் வரும் நாகர்களே அதற்குச் சான்று என்றும் கூறும் காணொளிகளை என் மகன் விடாமல் பார்க்கிறான். இக்கதை எங்கிருந்து வந்தது? இதில் உண்மை ஏதேனும் உண்டா?
– வாசகி ஒருவர், சாட்ஸ்வர்த்

பதில்: உண்மை ஏதும் இல்லை, அம்மா. ஆனால் கதை வந்த வழியை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடியும். 1929இல் அமெரிக்காவின் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய ஒரு கதையில், பாம்புத் தலை கொண்ட கூட்டத்தார் அரசனைச் சுற்றியுள்ளவர்களின் உருவத்தை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்துவிடுகின்றனர். பாம்பின் தாடையால் உச்சரிக்க முடியாத ஒரு வாசகத்தைச் சொல்லவைத்தே அவர்களை இனங்காண வேண்டியிருக்கிறது. ஆள்பவர் உண்மையில் வேறு யாரோ என்னும் அச்சம் அக்கதையிலேயே முழு வடிவம் பெற்றுவிட்டது. 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘வி’ தொடர், நண்பர்களாக வந்திறங்கிய வேற்றுலகத்தாரின் முகத்தோல் கிழிந்து செதில் தெரிவதையும், அவர்கள் சிறு விலங்குகளை உயிரோடு விழுங்குவதையும் காட்டியது. அதை உருவாக்கிய கென்னத் ஜான்சன், பாசிசம் ஒரு நாட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைச் சொல்லவே முயன்றார். பார்த்தவர்களின் மனத்தில் நின்றதோ செதில்தான்.

அதன்பின், முன்னாள் கால்பந்து கோல்காப்பாளரும் பிபிசியின் விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளருமாக இருந்த டேவிட் ஐக், 1999இல் வெளியிட்ட நூலில் இதே கதையை நடப்பு உண்மையாக எழுதினார். நம் தென்னாப்பிரிக்காவுக்கும் இதில் பங்கு உண்டு. இங்குள்ள ஜூலு இனத்து மந்திரவைத்தியரும் எழுத்தாளருமான கிரெடோ முட்வா, ‘சிட்டவுரி’ என்னும் ஊர்வன இனம் மனிதரை ஆள்வதாக ஐக்கிடம் விரிவாகப் பேசினார். 2020இல் மறைந்த முட்வா மிகச் சிறந்த கதைசொல்லி என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அவர் சொன்ன அனைத்தையும் ஜூலு மரபாக ஏற்க இயலாது. சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகவும் இதை நான் கருதவில்லை. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் காட்டப் புனையப்பட்ட பழைய போலி ஆவணத்தை ஐக் தம் முந்தைய நூலிலேயே சான்றாக எடுத்தாண்டிருந்தார்.

நாகர்களை இதில் இழுப்பது பொருந்தாது. ஆதிசேடன் உலகைத் தாங்குகிறான். வாசுகி பாற்கடலைக் கடையக் கயிறாகிறான். உலூபி தான் நாககன்னி என்பதை மறைக்காமலே அர்ச்சுனனை மணக்கிறாள். உருமாறும் பாம்புப் பெண் நம் திரையில் வந்ததுண்டு; ஆயினும் 1979இல் வெளிவந்த ‘நீயா?’ படத்தில் அவள் தேடுவது தன் இணையைக் கொன்றவர்களையே அன்றி ஆட்சியை அன்று. மாரியம்மன் கோயில் புற்றுக்குப் பால் வார்க்கும் நம் பெண்கள், அங்கே உறைவது பாம்பு என்றறிந்தே கைகூப்புகின்றனர். உங்கள் மகனோடு வாதிட வேண்டாம். அவன் பார்க்கும் காணொளிகளோடு மேற்சொன்ன 1929ஆம் ஆண்டுக் கதையையும் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பல்லி மனிதர்களை நம்புவதாகப் படித்தேன். மெய்தானா?
– வாசகர், டொங்காட்

பதில்: 2013இல் ‘பப்ளிக் பாலிசி போலிங்’ என்னும் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 4 விழுக்காட்டினர் ஆம் என்றனர், 90 விழுக்காட்டினர் இல்லை என்றனர். அந்த 4 விழுக்காட்டை நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பெறப்பட்டதே நீங்கள் படித்த எண். தொலைபேசியில் இப்படியொரு கேள்வி வந்தால் குறும்புக்காக ஆம் என்பவர்களும் இருப்பார்கள் அல்லவா?

கேள்வி: அப்படியானால் நம் ஹோவிக் அருவியின் இன்கன்யாம்பா?
– கல்லூரி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அதுவும் பாம்புதான், ஆனால் யாருடைய முகத்தையும் அணிவதில்லை. ஏறத்தாழ 95 மீட்டர் உயர அருவியின் அடியிலுள்ள மடுவில் வாழ்ந்து, கோடைக்காலப் புயலோடு வெளிப்படும் என்பதே ஜூலு மக்களின் நம்பிக்கை. பெரிய விலாங்கு மீன்களே அதற்கு மூலமாக இருக்கலாம் என்பாரும் உண்டு.