முதலில் வயர்மேன் சான்றிதழ், பிறகு சோலார்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்து வீட்டில் இருக்கிறான். கணிதம் நன்றாக வரும். மற்ற பாடங்கள் சுமார்தான். மூன்று நாள் சோலார் பயிற்சிக்கு 2,500 ரிங்கிட் கட்டினால் வேலை உறுதி என்று ஒருவர் சொல்கிறார். எங்கள் வட்டாரத்தில் பெரிய சூரிய மின் பண்ணைகள் இருப்பதால் ஆசையாக இருக்கிறது. சேர்க்கலாமா?
— ஒரு தாய், கோலா கெட்டில்

பதில்: அம்மா, அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். அந்தப் பயிற்சி திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யின் அங்கீகாரம் பெற்றதா என்றும், அதை முடித்தவர் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழை நோக்கி ஒரு படியாவது முன்னேற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், அந்த மூன்று நாள் தாளை நம்பி எந்த முதலாளியும் உங்கள் மகன் கையில் மின்கம்பியைக் கொடுக்கமாட்டார்.

கோலா கெட்டிலில் உள்ள 50 மெகாவாட் பண்ணையையும் புக்கிட் செலாம்பாவில் உள்ள 30 மெகாவாட் பண்ணையையும் பார்த்தால் ஆயிரம் பேருக்கு அங்கே வேலை இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இத்தகைய பண்ணைகளுக்குக் கட்டுமானக் காலத்தில்தான் ஆள்பலம் தேவை. அது முடிந்த பின் புல் வெட்டவும் தகடுகளைக் கழுவவும் காவல் காக்கவும் சிலரும், பழுது பார்க்கச் சில தொழில்நுட்பர்களும் போதும். நிலைத்த வருமானம் அந்தத் தொழில்நுட்பர்களுக்கும், வீடு, கடை, தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் பொருத்திப் பராமரிப்பவர்களுக்கும்தான் கிடைக்கிறது.

இந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்பது வெறும் சடங்கன்று. வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை சோலார் தகட்டின் மின்சாரத்தை யாராலும் நிறுத்த முடியாது. தகடுகளைத் தொடராக இணைக்கும்போது மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டைத் தாண்டும். நம் வீட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. தகட்டிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்திலோ அது தொடர்ந்து எரியும். சரியாகப் பூட்டாத ஓர் இணைப்பியே கூரையை எரித்துவிடக்கூடும். பிள்ளையை அந்தக் கூரைக்கு அனுப்பும் முன் முறையாகப் படிக்க வைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அட்டெக், கியாட்மாரா போன்ற அரசுப் பயிற்சி நிலையங்களில் மின்துறைப் பயிற்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். முதல் நிலைக்கு எஸ்.பி.எம்.மில் கிரெடிட் கட்டாயமில்லை. அங்கிருந்து மூன்றாம் நிலை வரையும், அதற்கு மேல் டிப்ளோமா வரையும் ஏறலாம். அங்கீகாரம் பெற்ற தனியார் நிலையமானால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடனுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. படிப்போடு சேர்த்து, மின்கம்பி பொருத்தும் வேலைக்கான ஒற்றை முனை வயர்மேன் சான்றிதழையும், அனுபவம் கூடியபின் மும்முனைச் சான்றிதழையும் அவன் பெறட்டும். நிலைத்தன்மை எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடா, வயர்மேன்களுக்கும், மின் அமைப்புகளை இயக்கிப் பராமரிக்கும் சார்ஜ்மேன்களுக்கும் என்றே நடத்தும் சோலார் பயிற்சிக்கு அதன்பிறகு போகலாம். கட்டுமான இடத்தில் கால் வைக்க கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டையும் வேண்டும். காலம் பிடிக்கும்தான், ஆனால் சோலார் வேலை குறைந்தாலும் வயர்மேனுக்கு வேலை இல்லாமல் போகாது.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு இத்துறை ஒத்துவருமா?
— மாணவி, சுங்கைப்பட்டாணி

பதில்: தாராளமாக ஒத்துவரும், தங்கை. கூரை ஏறுவது மட்டுமே சோலார் வேலையன்று. அமைப்பை வடிவமைப்பது, மின் உற்பத்தியைக் கணினியில் கண்காணிப்பது, சோதனை செய்வது எல்லாம் இதில் அடங்கும். கூரை வேலையே பிடித்திருந்தால் உயரத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் பயிற்சியை எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: செம்பனை ஆலையில் பதினைந்து ஆண்டுகளாகப் பாய்லர் பகுதியில் இருக்கிறேன். வயது 41. சோலாருக்கு மாறினால் எதிர்காலம் உண்டா?
— ஆலைத் தொழிலாளர், கூலிம் வட்டாரம்

பதில்: அண்ணா, நீங்கள் ஏற்கெனவே புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில்தான் இருக்கிறீர்கள். செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, அதனால் டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தருவது உயிர்ப்பொருள் எரிசக்தியேயாகும். அந்த அனுபவத்தைக் கைவிட்டு, இளைஞர்களோடு கூரையில் போட்டியிட நீங்கள் போகவேண்டுமா என்பதே என் தயக்கம்.

ஆலையின் கழிவுநீர்க் குளத்தைக் கவனியுங்கள். ஒரு டன் பழக்குலையை ஆட்டினால் ஏறத்தாழ முக்கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான கழிவுநீர் வெளியேறுகிறது. ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு (பயோகேஸ்) கிடைக்கும். அதில் பெரும்பகுதி மீத்தேன். திறந்த குளத்திலிருந்து காற்றில் கலந்தால் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மூடிச் சேகரித்தால் எரிபொருளாகும். 2014 முதல் புதிய ஆலைகள் உயிர்வாயுவைச் சேகரிக்கும் அல்லது மீத்தேன் வெளியேறாமல் தவிர்க்கும் வசதியை அமைக்கவேண்டும் என்று விதி வந்ததால், அந்தக் கலன்களையும் எஞ்சின்களையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பாய்லர்மேன் சான்றிதழ் இன்னும் இல்லையென்றால் அதை முதலில் எடுங்கள். மின்சாரப் பக்கம் நாட்டமிருந்தால் சார்ஜ்மேன் தேர்வுக்குத் தயாராகுங்கள். வகுப்பறைக்குத் திரும்பாமலேயே உங்கள் வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி எஸ்.கே.எம். பெற ஜே.பி.கே. முறை வைத்திருக்கிறது, விண்ணப்பிக்கச் சம்பளச் சீட்டு, வேலை உறுதிக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் ஆகியவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். உயிர்வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென மறைந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணாதீர்கள். செறிவு கூடும்போது அந்த வாயு மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். அடைபட்ட இடங்களில் நுழைவோருக்கும் வெளியே நின்று கண்காணிப்போருக்குமான பயிற்சியை தொழிற்பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷ் நடத்துகிறது. நிர்வாகம் உங்களை அந்தப் பகுதிக்கு மாற்றுவதாகச் சொன்னால், கலனுக்குள் இறங்குவதற்கு முன்பே அந்தப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.