சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் எல்லாரும் மெரினா எதிரே உள்ள வளாகத்தில் படித்தவர்களா? அண்ணா பல்கலையும் இதுவும் ஒன்றா?

முதல் கேள்விக்கு: இல்லை. பெரும்பாலோர் அந்த வளாகத்தில் ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை. நானும் அப்படித்தான். இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்தேன். பாடம் நடத்தியது கல்லூரி, கேள்வித்தாள் வந்தது பல்கலையிலிருந்து, பட்டத்தில் இருப்பதும் பல்கலையின் பெயர். அந்த வளாகம் இருக்கும் சேப்பாக்கம் பக்கம் நான் போனதெல்லாம் மார்க் ஷீட் வேலையாகத்தான். இது தெரியாத வெளியூர் நண்பர்கள், 'பீச்சைப் பார்த்துக்கிட்டே படிச்சிருக்கீங்க, கொடுத்து வச்சவர்' என்பார்கள். மறுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இந்தக் குழப்பம் பல்கலை பிறந்தபோதே உடன் பிறந்தது. சென்னையில் உயர்கல்வி வேண்டும் என்று 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவை 1839 நவம்பரில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொடுத்தார். அந்தக் காலத்தில் 70,000 கையெழுத்து! அடுத்த ஆண்டே நார்ட்டன் தலைமையில் ஒரு பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. ஆனால் அதிலிருந்து முதலில் முளைத்தது ஓர் உயர்நிலைப் பள்ளிதான். பிற்பாடு மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. பல்கலைக்கழகம் வருவதற்கு 1854ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்த்த வாரியத்தின் தலைவர் சார்லஸ் உட் லண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கை தேவைப்பட்டது. 1857இல் கல்கத்தா, பம்பாய்க்குப் பிறகு, செப்டம்பர் 5 அன்று சென்னைக்கான சட்டம் நிறைவேறியது. வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு.

மூன்றுக்குமே முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் முறைப்படி, பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, பட்டம் கொடுப்பது மட்டுமே பல்கலையின் பொறுப்பு. அதாவது, தொடங்கும்போது சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பெரிய தேர்வு அலுவலகம். ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1879இல் முடிந்த, பல்கலை வளாகத்தில் உள்ள செனட் ஹவுஸை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் கல்லூரிக் கட்டடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வகுப்பு நடத்துவதற்காகக் கட்டியதல்ல அது. பெயரே சொல்கிறது, பேரவை கூடும் மன்றம்.

இந்த அமைப்பால் ஒரு வசதி இருந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் தேர்வுக்கு வரலாம். இந்தப் பல்கலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் விசுவநாத பிள்ளை. இன்னொருவர், பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை. பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் இந்த ஆங்கிலப் பட்டத்தின் முதல் வரிசையில் நிற்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆய்வும் கற்பித்தலும் இருபதாம் நூற்றாண்டில்தான் உள்ளே வந்தன. 1904ஆம் ஆண்டுச் சட்டம் கதவைத் திறந்தது, 1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அதை உறுதியாக்கியது. இடையில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாத கணித மேதை ராமானுஜனுக்கு, அந்தத் தேர்வை நடத்திய இதே பல்கலை, 1913இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து ஆய்வு மாணவராக ஏற்றது. அப்போது அவர் துறைமுகக் கழகத்தில் எழுத்தர். தேர்வு வைப்பதற்கென்றே பிறந்த ஒரு நிறுவனம் தேர்வு முடிவை ஒதுக்கிவைத்தது என்பது சாதாரணமல்ல.

இன்னொரு பெரிய காரியம் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், அதற்குமேல் ஓர் அனுபந்தம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926இலிருந்து பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. பழந்தமிழ் நூல்களுக்கு அவர் சொன்ன காலக்கணிப்புகளை ஏற்காதவர்கள்கூட அகராதி என்று வரும்போது இதைத்தான் புரட்டுகிறார்கள். இந்தப் பல்கலை ஒன்றுமே செய்யாமல் லெக்சிகனை மட்டும் கொடுத்திருந்தால்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க இதன் எல்லை. பிறகு ஒவ்வொரு பகுதியாகத் தனிக்குடித்தனம் போனது: மைசூர் 1916, உஸ்மானியா 1918, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937, மதுரை 1966, கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் 1982. வேலூரில் திருவள்ளுவர் பல்கலை 2002இல் வந்த பிறகு சென்னையும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் மிச்சம். இவற்றில் அண்ணாமலை மட்டும் வேறு வார்ப்பு. சிதம்பரத்தில் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கிற பல்கலையாகவே அது தொடங்கியது.

இரண்டாம் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அண்ணா பல்கலை தனி நிறுவனம், ஆனால் உறவு உண்டு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பச் செட்டியார் நன்கொடையால் 1944இல் வந்த ஏ.சி.டெக் என்ற தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவை சென்னைப் பல்கலையின் குடைக்கீழ் இருந்தவை. அவற்றோடு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) சேர்த்து 1978இல் அண்ணா பல்கலை உருவானது. ஆகவே எழுபதுகளின் நடுவில் கிண்டியில் பி.இ. முடித்தவரின் பட்டத்தில் சென்னைப் பல்கலை பெயரைக் கண்டால் சந்தேகப்பட வேண்டாம்.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். நடைமுறையில் தலைமை துணைவேந்தர்தான். ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். இப்போது ஒரு பதவிக்காலம் மூன்றாண்டு. அதை நிரப்புவதே பெரும்பாடாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் பதவி காலியான பின், புதியவரைத் தேர்ந்தெடுக்கும் தேடல் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதி வேண்டும் என்று ஆளுநரும் வேண்டாம் என்று மாநில அரசும் முட்டிக்கொண்டார்கள். பேரவை, கல்விக்குழு, ஆட்சிக்குழு என்று மூன்று அவைகள் உண்டு. காசும் நியமனமும் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கையில். மாணவருக்கு இவர்கள் யாரையும் தெரியாது. அரியர் வைத்தவருக்குத் தெரிந்த ஒரே பதவி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்.

தன்னாட்சிக் கல்லூரிகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை 1978இலேயே தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அவர்களுடையவை, பட்டம் மட்டும் பல்கலையுடையது.

நீங்கள் சேரப் போகிறவர் என்றால்: பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. என்றால் விண்ணப்பம் கல்லூரிக்கு. பல்கலைத் துறைகளில் இருப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆய்வும்தான். தமிழ் உள்ளிட்ட மொழிகள் மெரினா வளாகத்தில், அறிவியல் துறைகள் பல கிண்டியில், மருத்துவம் சார்ந்த அடிப்படை அறிவியல் தரமணியில். வேலை பார்த்துக்கொண்டே படிக்க 1981இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டுதான் படிப்பேன் என்றால் எம்.ஏ. தமிழுக்குப் போடுங்கள்.