நூறு மில்லி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி வீடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். 400 வீடுகள் மாதம் ஒரு பாட்டில் கடலை எண்ணெய் வாங்குகின்றன. இதை நல்ல ஸ்டார்ட்அப்பாக வளர்க்க ஆசை. வாடிக்கையாளரோடு உண்மையான உறவு இருந்தால்தான் நிறுவனம் நிலைக்கும் என்கிறார்கள். பிறந்தநாள் வாழ்த்து, வாட்ஸ்அப் குழு, பாயிண்ட்ஸ் எல்லாம் வைத்திருக்கிறோம். ஆனாலும் மூன்று மாதமாகச் சிலர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். இத்தனைக்கும் கடலை விலை ஏறியபோது நாங்கள் விலையை ஏற்றவில்லை. அதே ஒரு லிட்டர் பாட்டிலில் 900 மில்லி கொடுக்கிறோம். லேபிளிலும் போட்டிருக்கிறோம், யாரும் கேட்கவில்லை. உறவை எப்படி வளர்ப்பது? வெளி முதலீடு வாங்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலீட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 1996இல் தொடங்கி வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. சென்னையில் 2010இல் தொடங்கிய இன்னொரு மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீடு வாங்கி, 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. இரண்டும் நிற்கின்றன. உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. "யாரும் கேட்கவில்லை." படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கேட்காமல் இருப்பார்களா? மாதம் முப்பது நாள் வந்துகொண்டிருந்த எண்ணெய் இருபத்தேழாம் தேதியே தீர்ந்தால் அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியாதா? முதல் மாதம் விருந்தாள் வந்ததால் தீர்ந்தது என்று நினைத்திருப்பார். இரண்டாம் மாதம் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்திருப்பார். அப்புறம் உங்களிடம் என்ன கேட்பது? நின்றுவிட்டார். அந்த வீட்டுக்கு நீங்கள் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பியிருப்பீர்கள்.

அளவு என்ற விஷயம் கொஞ்ச நாளாகவே என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, எண்ணெய்ப் பாக்கெட்டில் வெப்பநிலையைச் சேர்த்து அளவு போடக் கூடாது, 2023 ஜனவரி 15க்குள் லேபிளைத் திருத்துங்கள் என்று உத்தரவு போட்டது. ஏன் தெரியுமா? எண்ணெய் சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில நிறுவனங்கள் பாக்கெட்டில் 60 டிகிரி என்று அச்சடித்து, அந்தக் கணக்குப்படி எண்ணெய் அடைத்தன. 60 டிகிரியில் யார் வீட்டில் எண்ணெய் வைத்திருக்கிறார்கள்? அத்தனையும் லேபிளில்தான் இருந்தது, எஸ். நீங்கள் சொல்கிற அதே லேபிளில்.

எங்கள் ஊரில் பால் சொசைட்டி வருவதற்கு முன் ஒரு வியாபாரியின் ஆள்தான் வந்து பால் எடுப்பான். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாக்டோமீட்டரைத் தன் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்வான். தினமும் சண்டை. தண்ணீர் கலந்தாய் என்பான், அம்மா மாட்டின் மேல் சத்தியம் செய்வாள். எண்பதுகளின் தொடக்கத்தில் சொசைட்டி வந்தது. அங்கிருந்த செயலாளர் சிடுமூஞ்சி. யாரிடமும் சௌக்கியமா என்றுகூடக் கேட்கமாட்டார். ஆனால் லாக்டோமீட்டரைப் பாலில் விட்டு, அது ஆடி நின்றதும், குவளையை ஊற்றியவர் பக்கம் திருப்பி வைப்பார். பார்த்துச் சொல்லு என்பார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்தக் கோடு வரை முங்கலாம், எதற்குக் கீழே போனால் காசு குறையும் என்று ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டாள். ஒரு மழைக்காலத்தில் பத்து நாள் தொடர்ந்து காசு குறைந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தீவனத்தை மாற்றினாள். அதே வியாபாரி பிறகு லிட்டருக்குச் சில பைசா கூடுதலாகத் தருகிறேன் என்று வாசலில் வந்து நின்றபோது, அம்மா திண்ணையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

குஜராத்தின் ஆனந்தில் 1946இல் கைரா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் தொடங்கியபோது தினம் 247 லிட்டர் பால்தான் வந்தது. பின்னாளில் அமுல் ஆனது அதுதான். ஒவ்வொருவர் ஊற்றும் பாலையும் கிராமத்திலேயே தனித்தனியாகச் சோதித்து, காலைப் பாலுக்கு மாலையில் காசு கொடுப்பது அவர்கள் வழக்கிலிருந்த முறை. கடன் சொல்லியும் தரம் குறைவு என்று மிரட்டியும் பழகிய ஊர்களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அமுலை வளர்த்த வர்கீஸ் குரியனைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் விளம்பரத்தையும் வெண்ணெயையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சோதனைக் குழாய்தான் பெரிது.

நீங்கள் உறவு என்று சொல்வது பெரும்பாலும் உங்கள் பக்கத்திலிருந்து போகும் செய்திகள். வாடிக்கையாளர் உங்களைச் சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறீர்களா? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும் என்று எத்தனை வீட்டுக்குத் தெரியும்? இந்த மாதம் பருப்பு என்ன விலைக்கு வாங்கினீர்கள், ஆட்டுக்கூலி எவ்வளவு, புண்ணாக்கு விற்று எவ்வளவு வந்தது என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு தடவையாவது எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் விலையை ஏற்றியிருக்கலாம். முணுமுணுத்துக்கொண்டே வாங்கியிருப்பார்கள். விலை ஏற்றுவது தப்பே இல்லை. குறைத்துக் கொடுத்துவிட்டு விலை ஏற்றவில்லை என்று பெருமைப்படுவதுதான் தப்பு. அதை உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல காரியம் போலவே எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமே தவிர வெறுப்பு இல்லை. மறைக்க நினைத்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கமாட்டீர்கள். இந்த வயதில் செக்குப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்பதற்கு மனசு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

கணக்கைப் போடுங்கள். 400 வீடு, மூன்று மாதம், மாதம் 100 மில்லி. 120 லிட்டர் ஆகிறது. அதற்கு 300 கிலோ பருப்பு. கையைக் கடிக்கும், தெரியும். ஆனாலும் ஆட்டி, வீட்டுக்கு 300 மில்லி வீதம் கொடுங்கள், நின்றுவிட்டவர்களுக்கும் சேர்த்து. அடுத்த மாதத்திலிருந்து முழு லிட்டர், உண்மையான விலை. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம் இருக்கும், வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள் என்று பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.

நின்றுவிட்டவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், வேலைக்கு இருக்கும் பிள்ளைகளிடம் தள்ளவும் வேண்டாம். சிலர் திட்டுவார்கள், சிலர் எடுக்கமாட்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பாயிண்ட்ஸ் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்.