பழைய விண்வெளிக் கார்ட்டூன்களை மேசை ஆட்டமாக்குவது எப்படி? கேள்வி பதில்

சிறுவயதில் பார்த்த விஞ்ஞானக் கார்ட்டூன்களை, நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைப் பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் அளித்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இத்தகைய ஆட்டத்தொடர்களைக் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்திச் செல்பவராக, இருந்து நடத்தி வருகிறேன்; அவற்றில் பாதியில் நின்றுபோனவையும் உண்டு என்பதால், என் பதில்களில் சில அந்தத் தோல்விகளிலிருந்து கிடைத்தவை.

கேள்வி: எனக்குப் பிடித்த 1980களின் கார்ட்டூன் ஒன்றை முதல் எபிசோடிலிருந்து வரிசையாக, கதை மாறாமல் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் மூன்றாவது அமர்வைத் தாண்டாது. கதையின் முடிவு தெரிந்தவர் அதை நோக்கியே நடப்பார், தெரியாதவர் வேறு திசையில் போவார், அவரைத் திரும்பக் கதைக்குள் அழைத்து வருவதே கேம் மாஸ்டரின் முழுநேர வேலையாகிவிடும். என் முதல் தொடர் இப்படித்தான் நின்றது. மேசைக்குக் கொண்டுவர வேண்டியது கதையை அன்று. ஒவ்வொரு எபிசோடிலும் திரும்பத் திரும்ப வரும் அமைப்பை.

அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அக்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்பட்ட கார்ட்டூன்கள் பெரும்பாலும் 65 எபிசோடுகளாக எடுக்கப்பட்டன. வாரத்தில் ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரங்களுக்கு அது போதும். 1986இல் வந்த சில்வர்ஹாக்ஸ் 65 எபிசோடுகள். 1983இல் தொடங்கிய ஹீ-மேன் அதன் இருமடங்காக 130. எந்த நாளில் எந்த எபிசோடைப் போட்டாலும் பார்ப்பவருக்குப் புரிய வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றும் தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்து முடிந்தது. இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு வாரம் வர இயலாமல் போகும் வயதுவந்த நண்பர் குழுவுக்கோ இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. சென்ற வாரம் வராதவர் எதையும் இழந்திருக்க மாட்டார்.

எனவே முதலில் மூன்று எபிசோடுகளை மறுபடி பாருங்கள். சிக்கல் எப்படித் தொடங்குகிறது, யாருடைய முதல் திட்டம் எப்போதும் தோற்கிறது, என்ன ஒருபோதும் நடப்பதில்லை என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம். நினைவை நம்ப வேண்டாம். நம் மனத்தில் தங்கியிருப்பது பெரும்பாலும் தொடக்கப் பாடலின் காட்சிகள்தாம், அவை எபிசோடுகளைவிட நேர்த்தியாக வரையப்பட்டிருந்தன.

கேள்வி: கார்ட்டூனில் வில்லன் ஒவ்வொரு வாரமும் தப்பிவிடுவான். என் ஆட்டக்காரர்கள் முதல் அமர்விலேயே அவனைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். இனி என்ன செய்வது?

கட்டிப்போட்டது செல்லும். அதை மறுத்து, சுவர் திடீரென்று இடிந்தது என்று சொல்லி அவனை நீங்கள் தப்பவிட்டால், அடுத்த முறை யாரும் உழைத்துத் திட்டமிட மாட்டார்கள். அவனுடைய தளபதியை மேலே கொண்டுவாருங்கள், அல்லது சிறைக்குள்ளிருந்தே அவன் பேரம் பேசட்டும்.

அடுத்த தொடரில் இதை முன்கூட்டியே விதியாக்கிவிடுங்கள். ஃபேட் என்ற பாத்திர விளையாட்டின் விதிமுறையில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது: மோதலில் தோற்கும் நிலையில் இருப்பவர், பகடை உருள்வதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டால், தான் எப்படி வெளியேறுகிறோம் என்பதில் அவருக்கும் பங்கு உண்டு, பின்னால் சாதகமாகச் செலவிடக்கூடிய ஃபேட் புள்ளியும் கிடைக்கும். நான் இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறேன். வில்லன் தப்பும்போதெல்லாம் மேசையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை கொடுப்பேன். பின்னால் ஒரு பகடையை மீண்டும் உருட்ட அதைச் செலவிடலாம். நான்காவது அமர்வில் "அவன் இன்னும் தப்பவில்லையா?" என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: ஐந்து பேர் ஐந்து இயந்திரங்களை ஓட்டி, இறுதியில் அவை இணைந்து ஒரே ராட்சத ரோபோவாகும் வகைக் கார்ட்டூனை எடுத்திருக்கிறோம். இணைந்த பிறகு தலையை ஓட்டுபவர் மட்டுமே ஆடுகிறார், மற்ற நால்வரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலும், முதல் நிமிடத்திலேயே ஏன் இணைந்துவிடக் கூடாது என்றும் கேட்கிறார்கள்.

1984இல் இவ்வகைக் கார்ட்டூனான வோல்ட்ரான் வந்த நாளிலிருந்து பார்வையாளர்கள் கேட்டுவரும் கேள்வி அது. திரையில் அதற்குப் பதில் சொல்லாமல் தப்பலாம், மேசையில் முடியாது. உங்கள் இரண்டு சிக்கல்களும் ஒரே விதியில் தீரும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இணைந்த ரோபோ ஒரு செயலைச் செய்யும்போது ஐவரும் ஆளுக்கோர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். உருட்டுவதற்கு முன், தன் கை அல்லது கால் அந்தச் செயலுக்கு எப்படி உதவுகிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்லத் தோன்றாதவர் பகடையைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். விழுந்தவற்றில் பெரிய இரண்டை மட்டும் கூட்டுங்கள். பத்தும் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. எவருடைய பகடைகள் கணக்கில் வந்தனவோ அவர்களே அந்தத் தாக்குதலை விவரிப்பார்கள். யாருடைய பகடையில் ஒன்று விழுந்ததோ அவருடைய இயந்திரம் சேதமடையும்.

இப்போது எண்களைப் பாருங்கள். ஒருவர் தனியாக இரண்டு பகடை உருட்டிப் பத்தோ அதற்கு மேலோ பெறும் வாய்ப்பு 17 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்தில் பெரிய இரண்டைக் கூட்டும்போது அது ஏறத்தாழ 65 சதவீதமாகிறது. இணைவதன் வலிமை இதிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஐந்து பகடைகளில் ஒன்றிலாவது ஒன்று விழும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். அதாவது இணைந்து அடிக்கும் அடிகளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவரின் இயந்திரத்தைப் பழுதாக்கும். மூன்று இயந்திரங்கள் பழுதானால் ரோபோ பிரிந்துவிடும் என்று வைத்துவிட்டால், முதல் நிமிடத்திலேயே இணையலாம் என்ற பேச்சு தானாக நின்றுவிடும். நீங்கள் தடுக்கவே வேண்டாம். அவர்களே கணக்குப் போட்டு, கடைசி அடிக்காகக் காத்திருப்பார்கள்.

இன்னொன்று: தலை ஒருவருக்கே நிரந்தரம் அன்று. ஒவ்வொரு சுற்றிலும் என்ன செய்வது என்ற முடிவை எடுக்கும் உரிமை இடப்பக்கத்தில் இருப்பவருக்கு நகரட்டும். கார்ட்டூனில் தலைவர் ஒருவர்தான் என்று யாராவது வாதிட்டால், கார்ட்டூனில் அவர் எதிரே நான்கு நண்பர்கள் சும்மா அமர்ந்திருக்கவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்வி: எந்த விதிநூலை வாங்குவது?

எதையும் வாங்குவதற்கு முன் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்ற ஒரே பக்க ஆட்டத்தை ஒரு மாலை ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு முதல் ஐந்து வரை ஓர் எண் மட்டுமே உண்டு. அறிவும் கருவியும் தேவைப்படும் செயலுக்கு அதற்குக் கீழும், உணர்வும் துணிச்சலும் தேவைப்படும் செயலுக்கு அதற்கு மேலும் உருட்ட வேண்டும். விண்கலக் கார்ட்டூன்களில் பாதி இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும். அது போதவில்லை என்றால் ஃபேட். 1980களின் கார்ட்டூன் சூழலையே விதியாக்கிய நூல் வேண்டுமென்றால் கார்ட்டூன் ஆக்‌ஷன் அவர் (Cartoon Action Hour). ரோபோக்களின் பாகங்களைத் தாமே வடிவமைக்க விரும்பும் பொறியாளர் மனம் கொண்டவர்களுக்கு மெக்டான். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 2022இல் உரிமம் பெற்ற விதிநூலே வந்துவிட்டது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற பாத்திர விளையாட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதை எல்லோரும் அறிவார்கள் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அதில் பாத்திரங்கள் படிப்படியாக வலிமை பெற்றுக்கொண்டே போவார்கள். கார்ட்டூன் நாயகர்களோ முதல் நாளிலும் அறுபத்தைந்தாம் நாளிலும் ஒரே வலிமையோடு இருப்பார்கள். அந்த முரண் உங்களை உறுத்தாவிட்டால் தாராளமாக அதிலேயே ஆடலாம்.

கேள்வி: ஒவ்வொரு எபிசோடும் தனித்தனியாக முடிந்துவிடாமல், நீண்ட ஒரே கதையாகச் செல்லும் தொடர்களுக்கும் இதே முறைதானா?

இல்லை, அங்கே இயக்குவிசையே வேறு. 1974இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கதிரியக்கத்தால் அழிந்துகொண்டிருக்கும் பூமிக்கு மீதமிருப்பது ஓர் ஆண்டு. அந்தக் கதிரியக்கத்தை நீக்கும் கருவி இருக்கும் கோளோ 1,48,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால். மனிதகுலம் அழிய இன்னும் எத்தனை நாள் என்பது ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் அறிவிக்கப்படும். இந்தத் தொடரிலிருந்து போர்க் காட்சிகள் அனைத்தையும் விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஆட்டம் நிற்கும்.

நான் செய்தது இது: மேசை நடுவில் 365 என்று எழுதிய தாளை வைத்தேன். பயணத்தை 26 அமர்வுகளாக நீட்டாமல் பன்னிரண்டாகச் சுருக்கினேன். எந்திரத்தைப் பழுதுபார்க்க ஏழு நாள், காயம்பட்டவர்களைத் தேற்ற ஐந்து நாள், வழியில் தத்தளிக்கும் அந்நியக் கலத்தைக் காப்பாற்றப் பன்னிரண்டு நாள் என்று ஒவ்வொரு முடிவுக்கும் நாள்விலை வைத்தேன். அந்த அந்நியக் கலத்தைப் பற்றி அவர்கள் ஒரு மணி நேரம் வாதிட்டார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேம் மாஸ்டர் வாழ்வில் அத்தகைய மாலைகள் அடிக்கடி வாய்ப்பதில்லை.

தலைமுறைகளைக் கடக்கும் கதை வேண்டுமென்றால் ஜப்பானியத் தொடர்களிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ரோபோடெக்கைப் பாருங்கள். முதல் ஜப்பானியத் தொடரில் 36 எபிசோடுகளே இருந்ததால், தினசரி ஒளிபரப்புக்குத் தேவையான எண்ணிக்கையை எட்டுவதற்காக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தொடர்களை 1985இல் ஒட்டவைத்து 85 எபிசோடுகளாக்கினார்கள். ஒட்டு வெளியே தெரியும். ஆனால் அந்த ஒட்டிலிருந்தே மூன்று தலைமுறைப் போர் என்ற எண்ணம் பிறந்தது. ஓர் ஆட்டத்தொடர் முடிந்ததும், அதில் அவர்கள் செய்த தவறின் விளைவை அவர்களுடைய பிள்ளைகள் சந்திக்கும் அடுத்த தொடரைத் தொடங்கலாம்.

கேள்வி: நாங்கள் எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள். கார்ட்டூனில் யாரும் சாவதில்லை. எங்கள் ஆட்டத்தில் சாவு இருக்கலாமா?

முதல் அமர்வுக்கு முன்பே மேசையில் எல்லோரும் பேசி முடிவெடுக்க வேண்டியது இது; நடுவில் எடுத்தால் நிச்சயம் ஒருவர் மனம் புண்படும். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. வோல்ட்ரானின் மூலமான ஜப்பானியத் தொடரில் ஐந்து விமானிகளில் ஒருவர் கொல்லப்படுகிறார். அமெரிக்கப் பதிப்பில் அதே பாத்திரம் காயமடைந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டதாக வசனம் மாற்றப்பட்டது. ஒரே காட்சிகள், இரண்டு வேறு உலகங்கள். உங்கள் மேசை எந்தப் பதிப்பு என்று கேட்டாலே விவாதம் தெளிவாகிவிடும்.

என் சொந்தக் கருத்து: சாவை நீக்கிவிடுங்கள். சாவு இல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்பது தவறான எண்ணம். டேல்ஸ் ஃப்ரம் த லூப் ஆட்டத்தில் சிறுவர் பாத்திரங்கள் சாக முடியாது என்பது விதி. இருந்தும் அவர்கள் பயப்படுகிறார்கள், காயப்படுகிறார்கள், நம்பிக்கை இழக்கிறார்கள். தோற்றால் வேறு யாருக்கு என்ன ஆகும் என்பதை முன்னால் வையுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு அந்தத் தொடரின் ஒவ்வொரு வசனமும் மனப்பாடம், இன்னொருவர் அதைப் பார்த்ததே இல்லை. இருவரையும் எப்படிச் சமாளிப்பது?

"நம் உலகத்தில் மூன்று செய்திகள் மாறியிருக்கின்றன, அவை எவை என்று ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அதன்பின் மனப்பாடம் செய்தவர் திருத்துவதை நிறுத்தித் தேடத் தொடங்குவார். பார்க்காதவருக்கு அந்த உலகத்துக்குப் புதிதாக வந்திறங்கிய பாத்திரத்தைக் கொடுங்கள். அவர் கேள்வி கேட்பது இயல்பாகிவிடும், பதில் சொல்லும் வேலை மற்றவருக்குப் போய்விடும்.

கேள்வி: நான் எழுதிய குறிப்புகளை நூலாக விற்கலாமா?

வீட்டில் நண்பர்களோடு ஆடுவதும் விற்பதும் ஒன்றல்ல. பெயர்கள், உருவங்கள், சின்னங்கள் உரிமையாளருக்குச் சொந்தம். உரிமம் இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஐந்து இயந்திரங்கள் இணைந்து ஒன்றாகும் என்ற எண்ணத்துக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. விற்கும் நோக்கம் இருந்தால் முதல் நாளிலிருந்தே சொந்தப் பெயர்களோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஒவ்வொரு பக்கமாகத் தேடி மாற்றும் வேதனைதான் மிஞ்சும். வழக்கு வரக்கூடிய அளவு பெரிய வேலையாக இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: நான் தேர்ந்தெடுத்த கார்ட்டூன் முடிவே இல்லாமல் நின்றுபோனது. எங்கள் தொடரை எப்படி முடிப்பது?

அக்காலத்துத் தொடர்கள் பல அப்படித்தான் நின்றன. முடிவு இல்லாதது உங்களுக்கு வரவு. எந்த முடிவோடும் உங்களுடையதை யாரும் ஒப்பிட முடியாது. கடைசி அமர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: சிறுவயதில் இந்தத் தொடரில் எந்தக் காட்சி வரும் வரும் என்று காத்திருந்து வராமலே போயிற்று? என் கடைசித் தொடரில் மூவர் ஒரே காட்சியைச் சொன்னார்கள். எப்போதும் அவமானப்பட்டுக்கொண்டிருந்த வில்லனின் உதவியாளன் ஒருநாள் எதிர்த்துப் பேச வேண்டும் என்பதே அது. அதையே கடைசி அமர்வின் முதல் காட்சியாக வைத்தேன். அதற்குப் பிறகு நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கங்கள் தேவைப்படவே இல்லை.