80 கேள்விகளோடு முகாமுக்குப் போகாதீர்கள்

ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன், புகலிடம் கோருவோரிடம் சர்வே எடுத்து ஆய்வறிக்கை எழுதப் போகிறேன், 80 கேள்விகள் தயார், இதை வைத்து இந்தத் துறையில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது. ஆனால் அந்த 80 கேள்விகளோடு இப்போது முகாமுக்குப் போகாதீர்கள்.

உங்கள் எதிரில் உட்காரப் போகிறவருடைய கேஸ் இன்னும் முடியவில்லை. அதிகாரியிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார், அதில் ஒரு தேதி முன்னுக்குப் பின் ஆனாலே நம்ப மாட்டார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறார். நீங்களும் ஒரு ஃபார்மோடு போய் எந்த வழியாக வந்தீர்கள், எந்தக் கட்சியில் இருந்தீர்கள் என்று கேட்டால் நீங்களும் அவருக்கு அரசாங்க ஆள்தான். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று பத்து தடவை சொன்னாலும், மறுத்தால் கேஸ் கெட்டுவிடுமோ என்று தலையாட்டிவிடுவார். அதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது.

சட்டமும் இதைத்தான் கவனிக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 9ஆம் பிரிவு இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், பாலியல் நாட்டம் போன்ற தகவல்களைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இனம், மதம், நாட்டுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து. ஒருவர் எதற்காக நாட்டை விட்டு ஓடி வந்தாரோ, ஏறக்குறைய அதையேதான் நீங்கள் கட்டம் கட்டமாக டிக் அடிக்கச் சொல்கிறீர்கள்.

பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இருக்கும்வரை சட்டப்படி அது தனிநபர் தரவுதான். பட்டியலை அழித்தாலும் தீராது. சின்ன முகாமில் இன்ன நாடு, 34 வயது, ஆசிரியையாக இருந்த பெண் என்றால் அங்கிருக்கும் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். சம்மதப் படிவத்தில் வாங்கும் கையெழுத்தும் அப்படித்தான். சம்மதம் வாங்கியதை நிரூபிக்க முடிய வேண்டும் என்கிறது ஜிடிபிஆர், கையெழுத்துதான் வேண்டும் என்று சொல்லவில்லை. சில ஆய்வுகளில் பதில் சொன்னவருடைய பெயர் இருக்கும் ஒரே காகிதம் அந்தச் சம்மதப் படிவமாகத்தான் இருக்கும். வாய்மொழிச் சம்மதம் போதுமா என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் முதலிலேயே கேளுங்கள். அப்புறம் மொழிபெயர்ப்பாளர். அதே ஊர்க்காரர் கிடைத்தார் என்று சந்தோஷப்படாதீர்கள், அவர் முன்னால் வாய் திறக்கவே சிலர் பயப்படுவார்கள்.

சரி, ஆய்வறிக்கைக்கு என்ன செய்வது? ஏற்கெனவே எடுத்த சர்வேயிலிருந்து தொடங்குங்கள். வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனமான ஐஏபி, குடியேற்ற, அகதிகள் அலுவலகமான பாம்ஃப், குடும்பங்களிடம் ஆண்டுதோறும் சர்வே எடுக்கும் சோயெப் மூன்றும் சேர்ந்து 2016 முதல் ஜெர்மனியில் அகதிகளிடம் ஒரு பெரிய சர்வே நடத்துகின்றன. அரபி, பார்சி, பஷ்டோ, உருது, குர்மாஞ்சி என்று பல மொழிகளில் கேள்வித்தாள் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிப்பதிவும் உண்டு. ஒப்பந்தம் போட்டு ஆய்வாளர்கள் அந்தத் தரவைப் பயன்படுத்தலாம். உங்கள் பேராசிரியர் வழியாகக் கேளுங்கள். இரண்டு வருடப் படிப்புக்குள் முடிக்க இதுதான் நடக்கக்கூடிய வழி, யாருக்கும் புதிதாக ஆபத்தும் இல்லை.

வேலை என்று பார்த்தால், கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தரவுப் பாதுகாப்புத் தாக்க மதிப்பீடு, அதாவது இந்தத் தரவால் யாருக்கு என்ன ஆபத்து வரலாம் என்ற கணிப்பு, எழுத, தரவிலிருந்து ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்ற, எதை எப்போது அழிப்பது என்று திட்டம் போடத் தெரிந்தவர்கள் குறைவு என்பது என் கணிப்பு. ஆர், ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டில் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, கூடவே இதையும் பழகுங்கள். ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் நேர்காணலில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 80இல் பதில் இல்லாவிட்டால் ஆய்வே நடக்காது என்று சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் குறித்து எனக்கு அனுப்புங்கள், மீதியை ஏன் கேட்க நினைத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.