குளிருக்கு ஏற்ற மீனா, மீனுக்கு ஏற்ற சூடா?

கேள்வி: குன்னூரில் குடியிருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்காகக் கோயம்புத்தூரில் இரண்டடி மீன் தொட்டி வாங்கினோம். ஒரு ஜோடி கோல்ட்ஃபிஷ், இரண்டு ஜோடி கப்பி, நான்கு டைகர் பார்ப், ஒரு ஏஞ்சல், ஒரு சக்கர் எல்லாம் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். "இதெல்லாம் ஒண்ணா இருக்கும்" என்றார். மூன்று வாரத்தில் கப்பிகள் எல்லாம் செத்துவிட்டன. ஏஞ்சலின் துடுப்பு கந்தலாகிவிட்டது. காலையில் தொட்டிப் பக்கம் போகவே மகள் பயப்படுகிறாள். எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

பதில்: மகள் ஏதும் தப்பாகச் செய்யவில்லை என்று முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கூட்டம் எங்கே வைத்தாலும் ஒத்துப்போகாது, குன்னூரில் இன்னும் சிரமம்.

மீன் வாங்கும்போது எல்லோரும் "சண்டை போடுமா?" என்றுதான் கேட்கிறோம். மலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இது எத்தனை டிகிரி தண்ணீரில் வாழும்?" கோல்ட்ஃபிஷ் 18 முதல் 22 டிகிரியில் சுகமாக இருக்கும், அதற்குக் கீழேயும் தாங்கும். ஏஞ்சலுக்கும் கப்பிக்கும் 24, 25 வேண்டும். மார்கழியில் ஹீட்டர் இல்லாத தொட்டித் தண்ணீர் உங்கள் ஊரில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் கப்பி சாப்பிடாது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், அப்புறம் நோய் பிடிக்கும். போதாததற்கு நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. கப்பிக்கும் மோலிக்கும் கொஞ்சம் உப்புச்சத்துள்ள கடினத் தண்ணீர்தான் பிடிக்கும்.

ஏஞ்சலின் துடுப்பைக் கடித்தது டைகர் பார்ப்தான். நீளத் துடுப்பு ஆடுவதைப் பார்த்தால் அது சும்மா இருக்காது. பத்துப் பன்னிரண்டாகக் கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். நான்காக விட்டால் பக்கத்து மீனைத்தான் தேடிப் போகும். விரல் நீளத்தில் வாங்கி வந்த சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். உங்கள் தொட்டியின் அகலமே ஓரடிதான்.

சரி, இனி என்ன செய்யலாம்? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் தொட்டி சுமார் 55 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போட்டால் 45 லிட்டர்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், குளிரைத் தாங்கும் சின்ன மீன்களோடு ஆரம்பியுங்கள். வொயிட் கிளவுட் என்று ஒரு மீன் உண்டு. சீனாவின் மலை ஓடைகளைச் சேர்ந்தது, ஒன்றரை அங்குலம்தான் இருக்கும், 14 முதல் 22 டிகிரிவரை அதற்குச் சொந்த வீடு மாதிரி. அதில் எட்டு வாங்குங்கள். கூடவே ஜீப்ரா டானியோ ஆறு. டானியோவுக்கு 18 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது, அதனால் 50 வாட் ஹீட்டர் ஒன்றை 20 டிகிரியில் வைத்துவிடுங்கள், இரண்டுக்கும் பொருந்தும். டானியோ துள்ளும், மூடி இல்லாமல் வைக்காதீர்கள். அடித்தரையில் மேய நான்கு பெப்பர் கோரி போதும். இவை மூன்றும் ஒன்றையொன்று சீண்டாது. எல்லாமே கூட்டமாக வாழ்பவை, ஜோடியாக வாங்கினால் பயந்து ஒளிந்துகொள்ளும்.

ரோஸி பார்ப் கேட்டால் மூன்றடித் தொட்டி வந்த பிறகு பார்க்கலாம். மிஸ் கேரளாவை நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை, குளிர்ந்த ஓட்டத் தண்ணீருக்குப் பழகியது, பார்க்கவும் அவ்வளவு அழகு. ஆனால் ஐந்தாறாக நீந்த நான்கடித் தொட்டியாவது வேண்டும். காட்டு ஆற்றில் அருகிவரும் மீன் என்பதால் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஊசி போட்டுச் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சாயம் சில மாதத்தில் போய்விடும், அதற்குள் மீன் படும் பாடு கொடுமை.

இப்போது உயிரோடு இருப்பவற்றைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், காசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். ஒரு சக்கர் நம் ஓடைக்குச் செய்யும் கேட்டைத் திருத்த முடியாது. புது மீன் விடுவதற்கு முன் ஃபில்டர் பழக வேண்டும். கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரச் சமவெளியிலேயே நான்கைந்து வாரம் ஆகும், குளிரில் இன்னும் மெதுவாகத்தான் வளரும். உங்கள் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் அப்படியே பயன்படுத்துங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: கொடைக்கானல். எனக்கு ஏஞ்சலும் நியானும்தான் வேண்டும். ஹீட்டருக்குக் கரண்ட் எவ்வளவு ஆகும்?

பதில்: முதலில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் வெறும் இரை. ஏஞ்சல் என்றால் உயரமான, பெரிய தொட்டி வேண்டும். நியான் என்றால் இரண்டடி போதும்.

சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் என்பார்கள். கொடைக்கானலில் அறைக்கும் தண்ணீருக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருப்பதால் இரண்டு வாட் கணக்கு போடுங்கள். 100 வாட் ஒன்றுக்குப் பதிலாக 50 வாட் இரண்டு வாங்குவது நல்லது. ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது கொஞ்சம் காப்பாற்றும், ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் கொதித்துவிடாது. தனியாக ஒரு தெர்மாமீட்டர் அவசியம், ஹீட்டரில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள்.

100 வாட் ஒரு நாளில் பாதி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசி இதற்கே போய்விடும். தொட்டியின் பின்பக்கமும் இரு பக்கமும் தெர்மோகோல் ஒட்டினால் நன்றாகக் குறையும். இன்னொன்று, உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரையும் ஆக்சிஜன் இன்னும் குறையும். அதனால் கீழே பத்து மீன் விடும் இடத்தில் ஏழு விடுங்கள், ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். மழைக் காலத்தில் கரண்ட் போகும் என்பது உங்களுக்குத் தெரியும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் பழைய கம்பளி ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டி. ஆன்லைனில் வாங்கிய மீன்கள் செத்து வந்தன, கூட வந்த ஹீட்டரும் வேலை செய்யவில்லை. பணம் கிடைக்குமா?

பதில்: ஹீட்டருக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி வாங்கிப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். விற்றவர் மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மீனுக்கு, உயிரோடு வந்து சேரும் என்று அவர்கள் எழுத்தில் தந்த உறுதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பையைப் பிரிக்கும் முன்பே எடுத்த வீடியோ வேண்டும். அடுத்த முறை ஆர்டர் போடும்போது, பையில் காற்றை முழுதாக நிரப்ப வேண்டாம் என்று எழுதுங்கள். கீழே கட்டிய பை ஊட்டி வந்து சேர்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு உப்பிவிடும், முட்டிக்கொண்டு இருந்தால் முடிச்சு விட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் ஆர்டரே போடாதீர்கள்.