நாற்றங்கால் வீரர்களை எதுவரை வைத்துக்கொள்ளலாம்? பேன்டசி பேஸ்பால் கேள்வி பதில்

பேன்டசி பேஸ்பாலில் நிஜ வீரர்களைக் கற்பனை அணியில் சேர்த்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுவோம். அதில் வருடா வருடம் சில வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் கீப்பர் லீக் ஆடுகிறவர்கள் மார்ச் மாதம் நெருங்கினால் எனக்கு எழுதுவார்கள். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகை இன்னும் எட்டாத இளைஞரை நம் ஃபார்மில், அதாவது இளம் வீரர்களுக்கான தனி இடத்தில், எவ்வளவு காலம் வைக்கலாம், அவர் மேலே வந்ததும் என்ன செய்வது என்பதுதான் அது. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

எங்கள் விதிப்புத்தகத்தில் "ரூக்கியாக (புதுமுகமாக) இருக்கும்வரை ஃபார்மில் வைக்கலாம்" என்று ஒரே வரிதான். என் வீரர் 110 அட்-பேட்தான் (மட்டை பிடித்து ஆடிய முறைகள்) ஆடியிருக்கிறார். ஆனால் மேஜர் லீக் கணக்கில் அவர் ரூக்கி இல்லை என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரி. அந்த ஒற்றை வரிதான் போதவில்லை. மேஜர் லீகில் ரூக்கி தகுதி மூன்று வழிகளில் போகும். பேட்டர் 130 அட்-பேட்டைத் தாண்டினால் போகும், பிட்ச்சர் (பந்து வீசுகிறவர்) வீசியது 50 இன்னிங்ஸைத் தாண்டினால் போகும், யாராக இருந்தாலும் ஆக்டிவ் ரோஸ்டரில் (ஆடத் தயாராக இருப்பவர்களின் பட்டியல்) 45 நாளைத் தாண்டினால் போகும். காயம்பட்டோர் பட்டியலில் கழித்த நாட்கள் அந்த 45ல் சேராது. உங்கள் வீரர் மூன்றாவது வழியில் தகுதி இழந்திருப்பார்.

நாள் கணக்கை உங்கள் விதியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அட்-பேட்டும் இன்னிங்ஸும் எல்லார் கைபேசியிலும் தெரியும். ரோஸ்டர் நாட்களை யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். எண்ணுகிறவரே போட்டியிலும் இருப்பார். பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் சரிபார்க்க முடிகிற எண் மட்டும் விதியில் இருந்தால் சண்டைக்கு இடமே இருக்காது. "தாண்டினால்" என்ற சொல்லையும் கவனியுங்கள். 130 வரை ஃபார்ம், 131 ஆனால் வெளியே என்று எண்ணைப் போட்டே எழுதிவிடுங்கள்.

இந்த எல்லைக்கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மைக் ட்ரவுட்டை விட நல்ல உதாரணம் இல்லை. 2011 ஜூலையில் மேலே வந்தார், அந்த வருடம் ஆடியது 123 அட்-பேட், சராசரி (ஹிட் எண்ணிக்கையை அட்-பேட்டால் வகுத்தது) .220. கோடு 130ல் இருந்த லீகில், தன் பேன்டசி அணியில் அவரை வைத்திருந்த ஓனர் அவரை ஃபார்மிலேயே விட்டுவைக்க முடிந்தது. கோட்டை 100ல் போட்டிருந்தால், .220 அடித்த ஒரு பையனுக்காக முழு கீப்பர் இடம் ஒன்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று அந்த ஓனர் தவித்திருப்பார். அடுத்த வருடம் ட்ரவுட் 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு, .326 சராசரி என்று ஆடி, ஒரு ஓட்டுக்கூட சிதறாமல் அமெரிக்கன் லீகின் சிறந்த ரூக்கி ஆனார்.

அப்புறம், வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் இந்தக் கணக்கில் வராது. ரேண்டி அரோசரேனா 2020 பிளேஆஃபில் 10 ஹோம் ரன் அடித்து நாடே அறிந்த முகமாகிவிட்டார். ஆனாலும் சிறந்த ரூக்கி விருதை வாங்கியது 2021ல். இதையும் ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள்.

என் ஃபார்ம் வீரரை ஏப்ரலில் மேலே கூப்பிட்டார்கள். நானும் ஆக்டிவ் செய்தேன். இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மறுபடி ஃபார்மில் வைக்கலாமா? எங்கள் லீகை நடத்தும் கமிஷனர் முடியாது என்கிறார்.

இந்த இடத்தில் பலருக்கும் மனம் கசந்து போகிறது. 2024 ஏப்ரலில் ஜாக்சன் ஹாலிடே வந்த கதையை நினைத்துப் பாருங்கள். 2022 டிராஃப்டின் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆள், எல்லாப் பட்டியலிலும் உச்சியில் இருந்தவர். பத்து ஆட்டத்தில் 34 அட்-பேட், இரண்டே ஹிட். மாத முடிவுக்குள் மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏக்குத் திரும்பினார், ஜூலை கடைசியில்தான் மறுபடி வந்தார். இருபது வயதுப் பையனுக்கு இது நடப்பது இயல்புதான். அதற்காக அவருடைய ஓனரை ஏன் தண்டிக்க வேண்டும்?

நான் பரிந்துரைக்கும் முறை இது. மேலே வந்ததும் ஆக்டிவ் செய்வதா இல்லையா என்பது ஓனரின் விருப்பம். ஆக்டிவ் செய்து உங்கள் அணிக்காக ஆட வைத்துவிட்டால், அந்த சீசன் முழுக்க அவருக்கு ஃபார்ம் கிடையாது. பெஞ்சிலோ வரிசையிலோ இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வாரத்தில் மேலே, கெட்ட வாரத்தில் கீழே என்று ஃபார்மைக் கூடுதல் பெஞ்சாக ஆக்கிவிடுவார்கள். சீசன் முடிந்தபின் அவர் இன்னும் 130க்குள் இருந்தால் மறுபடி ஃபார்முக்குப் போகலாம். ஆக இந்த வருடத்துக்கு உங்கள் கமிஷனர் சொல்வது நியாயம். அடுத்த வருடத்துக்கும் முடியாது என்கிறார் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லை தாண்டியதை வருடத்துக்கு ஒரே ஒரு நாள், வழக்கமான சீசன் முடிந்த மறுநாள், பாருங்கள் போதும். நான் நடத்திய ஒரு லீகில் முன்பு வேறு மாதிரி வைத்திருந்தோம். 131வது அட்-பேட் வந்ததிலிருந்து மூன்று நாளுக்குள் ஆக்டிவ் செய்யாவிட்டால் வீரர் கைவிட்டுப் போவார். ஒரு நண்பர் அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த வீரர் இன்னொருவர் அணியில் இருந்தார். விதிப்படி எல்லாம் சரிதான். அவர் எதுவும் சொல்லவில்லை, அடுத்த வருடம் ஆட வரவும் இல்லை. அந்த விதியை எழுதியவன் நான். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

ஃபார்மில் மூன்று வருடம்தான் வைக்கலாம் என்று புது விதி கொண்டுவரப் பார்க்கிறார்கள். சரியா?

மூன்று வருடம் மிகக் குறைவு. டொமினிகன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் பையன்கள் 16 வயதில் ஒப்பந்தம் போடுகிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கும் ஓனர்தான் உங்கள் லீகில் அதிகம் உழைக்கிறவர். மூன்று வருட விதி அவரைத்தான் முதலில் அடிக்கும். கல்லூரி முடித்து வருகிற, சீக்கிரம் மேலே போகிற வீரர்களை மட்டுமே எல்லாரும் எடுக்கத் தொடங்குவார்கள்.

நிஜ பேஸ்பாலிலேயே இதற்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. ரூல் 5 டிராஃப்ட் கணக்கில், 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை அணி ஐந்து சீசன் வரை காத்து வைக்கலாம், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு. அதற்குள் 40 பேர் ரோஸ்டரில் சேர்க்காவிட்டால் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். மேஜர் லீக் அணிக்கே ஐந்து வருடம் தேவைப்படும்போது நமக்கு மூன்று எப்படிப் போதும்? வரம்பு வேண்டும் என்றால் ஐந்து வையுங்கள். என்னைக் கேட்டால் வரம்பே வேண்டாம். ஃபார்மில் இடம் குறைவாக இருந்தால், வளராத நாற்றை ஓனரே பிடுங்கிப் போட்டுவிடுவார்.

என் வீரர் தயாராக இருந்தும் அவருடைய மேஜர் லீக் அணி வேண்டுமென்றே தாமதிக்கிறது. எனக்கு ஒரு வருடம் கூடுதலாகத் தர வேண்டாமா?

கிரிஸ் பிரையன்டின் ஓனர்கள் 2015ல் இதையேதான் கேட்டிருப்பார்கள். வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் வெளுத்து வாங்கியவரை கப்ஸ் அணி டிரிபிள்-ஏவுக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்றுதான் கூப்பிட்டது. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு முழு சர்வீஸ் வருடம், அவருக்குக் கிடைத்தது 171. அதனால் அவருடைய ஃப்ரீ ஏஜென்சி (விரும்பிய அணிக்குப் போகும் உரிமை) ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் தொடுத்த முறையீடும் 2020ல் தள்ளுபடியானது. மேஜர் லீகும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்னணி இளம் வீரரைச் சீசன் தொடக்கத்திலேயே சேர்த்து, அவர் சிறந்த ரூக்கி ஆனால் அணிக்கு டிராஃப்டில் கூடுதல் இடம் கிடைக்கும். ஹூலியோ ரோட்ரிகஸ் மூலம் சியாட்டில் அப்படித்தான் ஒன்றைப் பெற்றது.

உங்கள் விதி அட்-பேட்டை மட்டும் எண்ணினால் இந்தக் கேள்வியே எழாது. கீழே இருக்கும்வரை அவர் கணக்கு ஓடாது, கூடுதல் வருடமும் தேவைப்படாது.

12 அணி லீக். ஃபார்மில் எத்தனை இடம்?

ஐந்தில் தொடங்குங்கள். பத்து என்றால் 120 பேர். பிரபலமான நூறு பேர் பட்டியல் மொத்தமும் காலியாகி, புதிதாகச் சேர்கிறவருக்கு எடுக்க ஆள் இருக்க மாட்டார். மேஜருக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் அணிகள் 2021 முதல் 120 ஆகக் குறைந்தபிறகும் வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்தான். அவர்களைப் பின்தொடர உங்கள் பன்னிரண்டு பேருக்கும் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏல லீக் நாங்கள், ஒவ்வொரு அணிக்கும் 260 டாலர், 23 வீரர்கள். ஃபார்மிலிருந்து வருகிறவருக்கு என்ன விலை? இப்போது ஒரு டாலர், எப்போதும் அதே ஒரு டாலர்.

"எப்போதும்" என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் டிராஃப்டின் முதல் ஆள், 2024 மே 11 அன்று முதல் ஆட்டம், அந்த வருடமே நேஷனல் லீகின் சிறந்த ரூக்கி. ஒரு டாலருக்கு இப்படி ஒரு பிட்ச்சரை நிரந்தரமாக வைத்திருப்பவரோடு மற்ற பதினோரு பேர் எப்படி மல்லுக்கட்டுவது?

அதற்காக விலையை ஒரேயடியாக ஏற்றவும் வேண்டாம். பிராண்டன் வுட் என்று ஒருவர் இருந்தார். 2005ல் மைனர் லீகில் 43 ஹோம் ரன் அடித்தார், ஏஞ்சல்ஸ் அணியின் எதிர்காலமே அவர்தான் என்றார்கள். மேஜர் லீகில் அவர் மொத்தச் சராசரி .186. வுட் மாதிரி ஆட்களுக்காக வருடக்கணக்கில் இடத்தை அடைத்துக் காத்திருந்தவருக்கு ஒரு ஸ்கீன்ஸ் கிடைக்கும்போது லாபம் இருக்கத்தான் வேண்டும். 260ஐ 23ஆல் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 11 டாலர். முதல் வருடம் 5, இரண்டாவது 10, மூன்றாவது 15, அதன்பின் மறுபடி ஏலத்துக்கு என்று வையுங்கள். முதலில் அதிர்ஷ்டத்தை அனுபவிக்கலாம், பிறகு யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வருகிறவர்களை ஃபார்மில் எடுக்கலாமா? 130, 50 கணக்குப்படி அவர்களும் உள்ளே வருகிறார்களே?

வருகிறார்கள், ஆனால் நான் அனுமதிப்பதில்லை. இச்சிரோ 2001ல் 27 வயதில் சிறந்த ரூக்கி விருதோடு எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருதும் வாங்கினார். ஒஹ்தானி 2018ல் ரூக்கி. ரோக்கி சசாக்கி 2025 ஜனவரியில் டாட்ஜர்ஸோடு போட்டது காகிதத்தில் மைனர் லீக் ஒப்பந்தம்தான். மார்ச்சில் டோக்கியோவில் கப்ஸுக்கு எதிராகப் பந்து வீசினார். மைனர் லீகில் ஒரு ஆட்டம் ஆடாமலே மேலே வந்தவரை நாற்று என்று எப்படிச் சொல்வது? ஜப்பான், கொரிய மேல்நிலை லீகுகளில் ஆடியவர்கள் முதன்மை ஏலத்துக்கே போகட்டும். ஒரு கூடுதல் வரி: மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தம் போடாத யாரையும், பள்ளி மாணவரோ கல்லூரி மாணவரோ, முன்கூட்டி எடுக்கக் கூடாது.

பெயரை மட்டும் சொல்லி எடுத்தேன், இரண்டு மேக்ஸ் மன்சி இருக்கிறார்களாமே?

ஆமாம், இரண்டு பேரையும் டிராஃப்டில் எடுத்தது ஒரே ஓக்லாண்ட் ஏ'ஸ் அணி. பிறந்தநாளும் ஆகஸ்ட் 25தான், ஒருவருக்கு 1990, மற்றவருக்கு 2002. பெயர், அணி, பிறந்த வருடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஃபார்மில் எடுக்கும் நாளில் நீங்கள் நினைத்தது யாரை என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், உங்கள் இளைய மன்சி உங்களோடே இருக்கட்டும்.

டாமி ஜான் எனப்படும் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிட்ச்சர் ஃபார்ம் இடத்தை அடைக்கிறார். தனி இடம் தரலாமா?

வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கும் பொறுமையும் ஃபார்ம் நடத்துவதில் ஒரு பகுதி.

ஜூலை வந்தால் கடைசியில் இருக்கும் ஓனர் தன் நட்சத்திரங்களையெல்லாம் முதல் அணிக்குக் கொடுத்து ஃபார்ம் வீரர்களை வாரிக்கொள்கிறார். தடுக்க வேண்டுமா?

முழுக்கத் தடுக்காதீர்கள். பத்தாவது, பதினோராவது இடத்தில் இருக்கிறவர் செப்டம்பர் வரை தினமும் லீகைத் திறந்து பார்க்கிறார் என்றால் அது அந்த ஃபார்ம் வீரர்களால்தான். எங்கோ ஒரு டபுள்-ஏ (மைனர் லீகின் ஒரு படி) ஊரில் தன் பையன் இன்று இரண்டு ஹிட் அடித்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. நான் மைனர் லீக் விதிகளுக்காக இவ்வளவு மெனக்கெடுவதே அதற்காகத்தான்.

ஆனால் அளவு வேண்டும். டிரேடுக்குப் பிறகும் ஃபார்ம் இட வரம்பை யாரும் தாண்டக் கூடாது. அப்போது ஐந்து பேரை வாங்க ஐந்து பேரை விட வேண்டியிருக்கும். டிரேடுக்கு ஜூலை 31ஐக் கடைசி நாளாக வையுங்கள். அடுத்த வருட ஃபார்ம் டிராஃப்டில் முதல் வாய்ப்பைக் கடைசி அணிக்குத் தராமல், பரிசு பெறாத அணிகளில் முதலாவதாக முடித்த அணிக்குத் தந்து பாருங்கள். வேண்டுமென்றே தோற்பதில் பயன் இருக்காது.

விதியை இப்போது மாற்றினால் ஏற்கனவே ஃபார்மில் இருப்பவர்கள்?

அவர்கள் எடுக்கப்பட்டபோது இருந்த விதிப்படியே போகட்டும். புதிய விதி அடுத்த ஃபார்ம் டிராஃப்டில் வருகிறவர்களிலிருந்து தொடங்கட்டும். வாக்கெடுப்பை அக்டோபரில் வையுங்கள். மார்ச்சில் வைத்தால் ஒவ்வொருவரும் தன் வீரரை மனதில் வைத்துத்தான் கை தூக்குவார்கள்.